ஸவான்னா ஸவா

டேய் மச்சான்,

ஏழு மாசமா லெட்டர் போடல, தப்புதான். உங்கப்பா காரியத்துக்கும் வர முடியல, ஃபோன்ல ரெண்டு நிமிஷம் பேசிட்டு வெச்சுட்டேன், அது உறுத்திக்கிட்டே இருக்கு. அம்மா முட்டி வலி எப்படி இருக்குன்னு எழுது. இங்க ஃப்ரான்ஸ்ல பொண்ணு இப்ப ஃப்ரெஞ்சுல தான் சண்டை போடறா.

போன வாரம் நடந்தத உங்கிட்ட சொல்லியே ஆகணும். எங்க பில்டிங் மூணாவது மாடில ஒரு பாட்டிம்மா, எண்பது தாண்டியாச்சு, தினமும் படியில பார்ப்போம், நான் "ஸவா?"ம்பேன், நல்லா இருக்கீங்களான்னு, அவங்க "ஸவா"ம்பாங்க, நல்லா இருக்கேன்னு, முடிஞ்சுது. குரல் மேல போனா கேள்வி, கீழ வந்தா பதில், நடையக்கூட நிறுத்த வேணாம். ஸ்கூல்ல நம்ம ஃப்ரெஞ்சு வாத்தியார், அதான் "உருளைக்கிழங்கு", நம்மள பெஞ்சு மேல ஏத்தி சொல்ல வெச்ச "கொம் சி கொம் சா"வ, ஏதோ சுமாரா இருக்கேன்ங்கறத, இங்க ஒருத்தர் வாயிலயும் நான் கேட்டதில்லடா, சலிப்பா இருந்தா "போஃப்"னு ஒரு சத்தம், அவ்ளோதான்.

அன்னைக்கு அவங்க படியிலயே உட்கார்ந்துட்டாங்க. பை சாஞ்சு கமலா பழம் ஒண்ணு ரெண்டு படி உருண்டு கெடக்கு. "ஸவா?"ன்னேன். "ஓன் ஃபே அலே"ன்னாங்க, ஏதோ வண்டிய ஓட்டிக்கிட்டிருக்கேன்னு நம்ம ஊர்ல சொல்லுவோமே அதே தான். நான் பழத்த எடுத்து குடுத்துட்டு மேல ஏறிட்டேன்டா. நாலு படி போனப்புறம் தான் உறைச்சுது. திரும்பி வந்து பக்கத்துல உட்கார்ந்து "வூ த்னே லு கூ?"ன்னு கேட்டேன், தாக்குப்பிடிக்கிறீங்களான்னு அர்த்தம் (எட்டு வருஷப் பழக்கம், இன்னும் "வூ" தான், அதாவது "நீங்க"). அடி வாங்கினவங்ககிட்ட தான் அப்படி கேப்பாங்க. உடனே அழுதுட்டாங்க. தங்கச்சி செத்து ஒரு மாசமாம். அந்த ஒரு மாசமும் நான் தினம் ஸவா கேட்டிருக்கேன்.

2003 ஆகஸ்ட் வெயில்ல இந்த நாட்டுல கிட்டத்தட்ட 15,000 பேர் செத்தாங்க, முக்காவாசி வயசானவங்க, நெறைய பேர் வீட்டுல தனியா. அதுக்கப்புறம் 2004ல சட்டம் போட்டு, தனியா இருக்கிற வயசானவங்க பேர் குடுத்தா மேரில, அதான் நகராட்சி ஆபீஸ்ல, எழுதி வெச்சுக்கறாங்க, நம்ம பாண்டி பீச் ரோட்டு மேரி மாதிரி ஊருக்கு ஊர் இருக்கு. கடும் வெயில் வந்தா ஃபோன் பண்ணி தண்ணி குடிச்சீங்களா, ஜன்னல் கதவ சாத்தினீங்களான்னு கேப்பாங்களாம். அந்த மாதிரி கேட்டா ஸவான்னு சொல்லி நழுவ முடியாதுல்ல? ஆனா இப்ப குளிர் காலம், யாரும் கூப்பிடல.

அப்பா காரியத்தப்ப நீயும் ஃபோன்ல "இருக்கேன்டா"ன்ன. நான் சரின்னுட்டேன். இப்ப கேக்கறேன், ராத்திரி தூங்கறியா? கடைய தொறந்தியா இல்லயா? அப்பா சாய்வு நாற்காலி திண்ணையிலயே தான் இருக்கா, உள்ள எடுத்து போட்டுட்டியா?

ஞாயித்துக்கிழமை உங்க டைம் ராத்திரி எட்டு மணிக்கு கூப்பிடறேன், ஃபோன சார்ஜ்ல போட்டு வை.