பள்ளியை விட்டு நீக்குவது தீர்வாகாது

ஆசிரியருக்கு,

போதைப்பொருளுடன் பிடிபடும் மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்க வேண்டும் என்ற தலையங்கம் கண்டேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதின்ம வயதில் இன்பத்தையும் பரபரப்பையும் நாடும் மூளைப் பகுதிகள் முந்திக்கொண்டு வேகம் பெறுகின்றன. விளைவை எண்ணி நிறுத்தும் முன்பகுதியோ ஏறத்தாழ 25 வயதுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. இதனுடன் வீட்டுச் சண்டை, மனச்சோர்வு, படிப்பில் பின்தங்கிய அவமானம் போன்றவையும் சேரும்போது, நண்பன் நீட்டுவதை மறுக்கும் வலு குறைகிறது. பள்ளியோடு உள்ள பிணைப்பு அவர்களைக் காக்கும் வேலி. அதையும் அறுத்துவிட்டால் எஞ்சுவது, போதையைப் பழக்கிய கூட்டம் மட்டுமே.

20 ஆண்டுகளுக்கும் மேல் ஆசிரியராக இருந்தவன் நான். என் வகுப்பு மாணவன் ஒருவன், தந்தை இறந்த சில மாதங்களில் இப்பழக்கத்துக்கு ஆளானான். "வீட்டில் யாரும் அப்பாவைப் பற்றிப் பேசுவதே இல்லை, சார்" என்று அவன் சொன்னபோதுதான், நாங்களும் அவனிடம் எதுவும் கேட்டதில்லை என்பது உறைத்தது. இன்றும் அது என்னை வருத்துகிறது. ஒவ்வொரு பள்ளியிலும் முழுநேர மனநல ஆலோசகர் ஒருவரை நியமித்து, பிடிபடும் மாணவரை முதலில் அவரிடம் அனுப்பும் நடைமுறையைக் கல்வித்துறை கொண்டுவர வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர்