யார் என்ன வாசித்தார்கள் என்று எழுதி வையுங்கள்

திருகோணமலையில் ஒரு காலம் இசைக்குழுக்களில் வாசித்த ஐயாமாருக்கும் அக்காமாருக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும்,

வணக்கம்.

போன மாரிக்கு முதல், வீட்டுக் கூரையைத் திருத்துவதற்காக, அலுமாரிக்கு மேலே கிடந்த அப்பாவின் ஆர்மோனியப் பெட்டியை இறக்கினேன். துருத்தியைக் கறையான் அரித்திருந்தது. உள்ளே பித்தளை நாக்குகள் பச்சைக் களிம்பு பிடித்துப் போய்க் கிடந்தன. கடற்காற்று அடிக்கிற ஊரில் இது புதினமில்லை. ஒரு நாக்கை மட்டும் கழற்றித் துடைத்து வாயில் வைத்து ஊதினேன். மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "அது உங்கட அப்பாவின்ர பஞ்சமம்" என்றார்.

பெட்டிக்கு அடியில், பொலித்தீனில் சுற்றிய ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. பக்கம் பக்கமாக ஸ்வரங்கள். பாட்டின் பெயர், அதற்குக் கீழே பாடுகிறவரின் சுருதிக் கட்டை, தொடக்க மியூசிக், இடையில் வருகிற மியூசிக், யார் எங்கே நிறுத்த வேண்டும், யார் எங்கே சேர வேண்டும் என்ற குறிப்புகள். ஓரங்களில் ஆட்களின் பெயர்களுக்குப் பதிலாக முதலெழுத்துகள் மட்டும். அப்பா இப்போது உயிரோடு இல்லை. அந்த எழுத்துகளில் பாதிக்கு மேல் யாரென்று அம்மாவுக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்தக் கொப்பி எப்படி நிரம்பியது என்று அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார். இசைத்தட்டு வாங்கக் காசில்லை. இலங்கை வானொலியில் பாட்டுப் போகும்போது நாலு பேர் ஒரு றேடியோவைச் சுற்றி உட்காருவார்களாம். ஒருவர் பல்லவியைப் பிடிப்பார், ஒருவர் வயலின் போகிற இடத்தை மட்டும் கேட்பார், இன்னொருவர் தாளத்தைத் தொடையில் தட்டிக்கொண்டிருப்பார். பாட்டு முடிந்துவிடும், பாதிதான் கைக்கு வந்திருக்கும். சரி, மறுபடி கேட்க வேண்டுமே? நேயர் விருப்பத்துக்கு ஆளுக்கொரு தபாலட்டை எழுதிப் போடுவார்கள். பாட்டு திரும்பி வர இரண்டு மூன்று கிழமை ஆகும். அதுவரைக்கும் அந்த இடம் கொப்பியில் வெறுமையாக இருக்கும். அப்படி விட்ட இடங்களைப் பிறகு வேறு மையில் நிரப்பியிருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். ஒரு பாட்டில் நீலம், கறுப்பு, சிவப்பு என்று மூன்று மை.

மாரி பிறந்தால் ஒத்திகைக்கு வேறு தொல்லை. ஈரத்தில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். அடுப்படியில் வைத்துச் சூடு காட்டிவிட்டுத்தான் தொடங்குவார்களாம். எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு மூலை முழுக்க மிருதங்கமும் தபேலாவும்தான் என்று அம்மா சொல்கிறார். அவருக்கு அது பெருமை.

எங்கள் ஒழுங்கைக் குழுவில் வாசித்தவர்கள் எல்லாரும் ஒரே கோயிலடிக்காரர்கள் இல்லை. பொங்கோஸ் அடித்தவர் கிண்ணியாவிலிருந்து வந்தவர். மெண்டலின்காரர் பாலையூற்றுப் பறங்கியர், போர்த்துக்கேயர் வழிவந்தவர். போர்த்துக்கேயப் பறங்கியரின் கல்யாண வீடுகளில் வயலினும் மெண்டலினும் இல்லாமல் ஆட்டம் நடக்காது. அந்தக் கை எங்கள் கோயில் திருவிழா மேடையில் சினிமாப் பாட்டுக்கு வாசித்தது. இந்த ஊரில் இசை இப்படித்தான் கலந்து வளர்ந்தது. எங்கள் ஊர்ப் பரமேஸ், கோணேஸ் சகோதரர்களின் மெல்லிசைப் பாட்டு இசைத்தட்டாக வந்ததை ஊரே கொண்டாடியது என்றால், அதற்குப் பின்னால் இப்படி எத்தனையோ ஒழுங்கைக் குழுக்கள் காதைத் தீட்டி வைத்திருந்ததும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

பறங்கியரின் மொழியையும் பாட்டுகளையும் போர்த்துக்கல்லிலிருந்து வந்த ஆய்வாளர்கள் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பதிவுசெய்து காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். கேட்டபோது மனம் நிறைந்தது. ஆனால் அதே மெண்டலின்காரர் எங்களோடு சேர்ந்து வாசித்த கதை எந்தக் காப்பகத்தில் இருக்கிறது?

திருக்கோணேஸ்வரக் கோயிலின் ஒழுங்குகளைச் சொல்லும் பழைய நூலான கோணேசர் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள். தானத்தார் இன்ன தொழும்பு, வரிப்பத்தார் இன்ன தொழும்பு என்று, கோயிலில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைக் குடி குடியாக எழுதி வைத்த ஊர் இது. கோயிலையே போர்த்துக்கேயர் இடித்தார்கள், அந்தக் கணக்கு மட்டும் நின்றது. இருபதாம் நூற்றாண்டில் நமக்கு அச்சகம் இருந்தது, படம் பிடிக்கும் பெட்டி இருந்தது, கசெற் இருந்தது. ஆனாலும் யார் என்ன வாசித்தார்கள் என்ற ஒரு பட்டியல்கூட எங்கள் குழுவுக்கு இல்லை.

இருந்தவையும் போயின. 1983இல் வீடுகள் எரிந்தபோது வாத்தியங்களும் எரிந்தன. இடம்பெயர்ந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கினார்களே தவிர ஆர்மோனியத்தைத் தூக்கவில்லை. யார் தூக்குவார்கள்? 2004 மார்கழியில் கடல் வந்து கரையோர வீடுகளில் மிச்சமிருந்த படங்களையும் கசெற்றுகளையும் கொண்டுபோனது. அப்புறம் கனடா, லண்டன், நோர்வே. இப்போது எஞ்சியிருப்பது ஆட்களின் ஞாபகம்தான். அவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது.

அதனால் கேட்கிறேன். உங்கள் அப்பாவோ, மாமாவோ, பெரியம்மாவோ குழுவில் இருந்தவரானால், இந்தக் கிழமையே பக்கத்தில் உட்காருங்கள். கைபேசியை மேசையில் வைத்து, யார் யார் வாசித்தார்கள், எந்த வாத்தியம், எந்தெந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம், ஒத்திகை யார் வீட்டில், தேத்தண்ணி போட்டது யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒத்திகைக்கு வீட்டைத் திறந்துவிட்ட பெண்களின் பெயர் எந்த அழைப்பிதழிலும் அச்சாகவில்லை.

பழைய கசெற் கிடைத்தால் உடனே பழைய றேடியோவில் போட்டுப் பார்க்காதீர்கள். பூஞ்சணம் பிடித்த நாடா சிக்கி அறுந்துவிடும். தெரிந்தவரிடம் கொடுத்து ஒரே தடவையில் கணினிக்கு மாற்றுங்கள். கொப்பி, அழைப்பிதழ், படம் எதுவானாலும் படியெடுத்து, 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவருகிற நூலகம் நிறுவனம் போன்ற இடத்தில் சேர்த்தால், அது எல்லாருக்கும் கிடைக்கும். மூலத்தை நீங்களே வைத்திருங்கள். பிள்ளைகளுக்கு அது வேண்டும்.

எங்கள் கொப்பியில் ஒரு பக்கம் மட்டும் அப்பாவின் எழுத்தில்லை. சரிந்த, அழகான கை. வயலினுக்கு உரிய பகுதியை முழுதாக எழுதி, கீழே ஐந்தரைக் கட்டை என்று குறித்து, பக்கத்தில் "ம" என்று ஒரேயொரு எழுத்து போட்டிருக்கிறது. வயலின் வாசித்தவர் ஒரு பெண்பிள்ளை, உவர்மலைப் பக்கமிருந்து சைக்கிளில் அண்ணனோடு வருவார் என்பது வரைக்கும் அம்மாவுக்கு ஞாபகம். அவருடைய பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த எழுத்துக்குப் பக்கத்தில் முழுப் பெயரையும் எழுதி வைக்க வேண்டும்.