புல் விரிக்கும் முன் மண்ணைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் மூடிக் கிடக்கும் பஞ்சாலை (மில்) வளாகங்களைப் பூங்காவாக்க வேண்டும் என்ற கோரிக்கையை முழுமனதோடு ஆதரிக்கிறோம். ஹார்வி மில் காலம் தொட்டே மில் சங்குக்கு எழுந்த ஊர் மதுரை. ஆனால் மில் நிலம் வெறும் தரிசு அல்ல. சாயம் போட்ட இடத்தில் குரோமியம், பாய்லர் சாம்பல் கொட்டிய இடத்தில் ஆர்சனிக், டிரான்ஸ்பார்மர் மேடையில் பழைய ஆயில், சுவரோரம் உதிர்ந்த பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். சறுக்கு விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து.

விவசாயிகளுக்குத் தரும் மண்வள அட்டைச் சோதனை இதற்குப் போதாது; அதில் தழை, மணி, சாம்பல் சத்து போன்றவை தெரியும், ஈயமும் குரோமியமும் தெரியாது. இந்த நச்சு உலோகங்களுக்கெனத் தனிச் சோதனை வேண்டும். அதற்கு மண் மாதிரி எடுக்க, 20 மீட்டருக்கு ஒரு கட்டம் போட்டால் ஏக்கருக்குச் சுமார் 10 மாதிரிகள் வரும். சாயக்கூடத்திலும் கழிவுநீர்த் தொட்டியோரமும் 5 மீட்டருக்கு ஒன்று எடுக்க வேண்டும். மேல் 15 செ.மீ. மண்ணையும் ஒரு மீட்டர் ஆழத்து மண்ணையும் தனித்தனிப் பையில் போடுங்கள். செலவைக் குறைக்க எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால், கெட்ட இடம் நல்ல மண்ணின் சராசரியில் மறைந்துவிடும். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது.

மாசு மிகுந்த மண்ணை அள்ளி அகற்றியே ஆக வேண்டும். லேசாக உள்ள இடத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஜியோ டெக்ஸ்டைல் துணி (மண் அடுக்குகளைப் பிரிக்கும் செயற்கை இழைத் துணி) விரித்து, மேலே 60 செ.மீ. சுத்தமான செம்மண் போடலாம். நிறம் அலங்காரத்துக்கு அல்ல. பத்து வருடம் கழித்துக் கேபிள் பதிக்க வருபவர், கடப்பாரையில் அந்தத் துணி தட்டுப்பட்டதும் நிறுத்த வேண்டும் என்பதற்காக. மரத்துக்கு 60 செ.மீ. பத்தாது. ஒன்றரை மீட்டர் மண்மேடு கட்டி வேம்பு, புங்கன், பூவரசு வைக்கலாம். அடியில் பழைய கான்கிரீட் தளம் இருந்தால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மாசில்லாத இடத்தில் அதை உடைத்து எடுத்துவிடுங்கள்.

மழைநீர் சேகரிப்புக் குழியில்தான் கூடுதல் கவனம் வேண்டும். நல்ல எண்ணத்தோடு மாசுபட்ட மண்ணில் அதைத் தோண்டினால், ஐப்பசி, கார்த்திகை மழை நஞ்சை நேராக அக்கம்பக்கத்து போர்வெல்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சோதனையில் சுத்தம் என்று தெரிந்த மூலையில் மட்டும் குழி போட வேண்டும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம், 1956-ல் மூடிய எரிவாயு ஆலையை 1975-ல் பூங்காவாகத் திறந்தது. மண்ணைச் சீர்செய்த பிறகும் மாசு முழுதாகத் தீராமல், திறந்த பின்னும் பல ஆண்டுகள் அங்கே சுத்திகரிப்பு வேலை நடந்தது.

எனவே டெண்டர் விடுமுன் மண், நிலத்தடி நீர்ச் சோதனை முடிவுகளை, மாதிரி எடுத்த இடங்களின் வரைபடத்தோடு தமிழில் வெளியிட வேண்டும் என மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மண், நீர்ப் பரிசோதனைப் பணியில் உள்ள வாசகர்கள்,
மதுரை.