இருபது கார்களுக்கும் ஒரே ரேக் வேண்டாம்

எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சைக்கிள் குழுவின் செயலவை அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மோரிப் கடற்கரைக்கும், அப்புறம் புத்ராஜெயா ஏரிக்கரைக்கும் சைக்கிளோடு போகலாம் என்ற உங்கள் திட்டத்தில் எனக்கு முழுச் சம்மதம். நம் அப்பாக்கள் தோட்டத்து லயத்திலிருந்து பந்திங் டவுனுக்கு சைக்கிளில்தான் வந்து போனார்கள். அதே சாலையில் இன்று செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடுகின்றன. நம் பிள்ளைகள் வீட்டு வாசலிலேயே வட்டம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். சைக்கிளைக் காரில் ஏற்றித்தான் ஆகவேண்டும், அது சரி.

ஆனால் காரின் பின்கதவில் பட்டை போட்டுக் கட்டி, சைக்கிளைத் தொங்கவிடும் ஒரே வகை ரேக்கை இருபது குடும்பத்துக்கும் மொத்தமாக வாங்குவது என்று போன கூட்டத்தில் முடிவு செய்தீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டுமாம். அதை ஒரு மாதம் தள்ளி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கூட்டத்தில் வாயைத் திறக்காதவன் இப்போது எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். தே தாரிக் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் எல்லாரும் கை தூக்கி முடித்துவிட்டீர்கள்.

அதே வகை ரேக் இரண்டு வருடமாக என் வீட்டு முன்வாசல் ஐந்தடியில் கிடக்கிறது. வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை என் மைவி காரின் பின்கதவில் மாட்டி, என் சைக்கிள், மனைவியின் சைக்கிள், மகளின் 20 அங்குல சைக்கிள் மூன்றையும் ஏற்றினேன். மூன்று சைக்கிள் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் மோரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பத்து கிலோமீட்டர் தாண்டியிருக்காது, கண்ணாடியில் பார்த்தால் மகளின் சைக்கிள் தலையாட்டிக்கொண்டு வருகிறது. ஓரங்கட்டி இறங்கினேன். மேல் பட்டை இரண்டு விரல் அளவுக்கு வழுக்கியிருந்தது. ஒரு கொக்கி கதவு விளிம்பை விட்டு நகர்ந்து ஸ்பாய்லரின் பிளாஸ்டிக்கைக் கவ்விக்கொண்டிருந்தது. ஹேண்டிலின் ஒரு பக்கப் பிடி தாரில் உரசி, பாதி ரப்பர் காணாமல் போயிருந்தது. மகள் அழவில்லை. “அப்பா, இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் சைக்கிளே இருந்திருக்காது இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அழுகையே தேவலை.

தவறு ரேக்கில் மட்டும் இல்லை. புதுப் பட்டை முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும். மழையில் நனைந்தால் நைலான் இன்னும் தளரும். கட்டி ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். அது எனக்குத் தெரியாது, கடைக்காரரும் சொல்லவில்லை. ஆனால் மற்றக் கோளாறுகள் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் போகாது. நான் சொல்ல வருவது அவற்றைத்தான்.

அந்த ரேக்கின் இரண்டு கைகளும் சைக்கிளின் மேல் கம்பியைத் தாங்குவதற்குச் செய்தவை. ஆண்கள் சைக்கிளில் அந்தக் கம்பி நேராக இருக்கும், பிரச்சினை இல்லை. கூடை வைத்த பெண்கள் சைக்கிளில் கம்பி சரிந்து தாழ்ந்திருக்கும். பிள்ளைகள் சைக்கிளிலோ அது கட்டையாக இருக்கும், இரண்டு கைக்கும் இடம் போதாது. சீட்டுத் தண்டையும் ஹேண்டில் தண்டையும் இணைக்கிற தனிக் கம்பி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதைப் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். குடும்ப உலா என்கிறோம், அதனால் நம் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள் சைக்கிளும் பிள்ளைகள் சைக்கிளும்தான். நாம் வாங்கப் போகும் ரேக் அப்பாக்களின் சைக்கிளுக்கு மட்டும் பொருந்துகிறது.

அப்புறம் எண் தகடு. மைவியில் தகடு பின்கதவிலேயே இருக்கிறது. சரிந்து தொங்கிய என் மனைவியின் சைக்கிள் முன்சக்கரம் தகட்டையும் ஒரு பக்க விளக்கையும் மறைத்தது. திரும்பி வரும்போது சாலைத் தடுப்பில் நின்ற அதிகாரி நல்ல மனிதர், “அடுத்த முறை சம்மன்” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். எண் தகடு தெரியாமல் வண்டி ஓட்டுவது குற்றம், சைக்கிள் ரேக்குக்கு அதில் விதிவிலக்கு கிடையாது. இருபது கார் வரிசையாக அப்படிப் போனால் எல்லா அதிகாரியும் சிரிப்பார்கள் என்று நம்ப முடியாது.

எடையையும் பாருங்கள். இந்த ரேக்குகள் பெரும்பாலும் ஒரு சைக்கிளுக்கு 15 கிலோ என்ற கணக்கில் செய்தவை. நம்மிடம் உள்ள இரும்பு மவுண்டன் பைக் ஒன்றே 15 கிலோவைத் தொடும். கூடை, ஸ்டாண்டு, பூட்டுச் சங்கிலி எல்லாம் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். தாழ்ந்து தொங்கும் டயர் புகைக்குழாய்க்கு நேரே வந்தால் உருகும் என்பதையும் கவனியுங்கள்.

கூரை ரேக் வாங்கலாமே என்று சிலர் கேட்டார்கள். தகடு மறையாது, பின்கதவையும் தாராளமாகத் திறக்கலாம், நல்லதுதான். ஆனால் நம் சின்னக் கார்களின் கூரையில் ரேக்கைப் பிடிக்கும் நீளக் கம்பிகள் இல்லை. அந்தந்த மாடலுக்கென்று செய்த கால்களைக் கதவு விளிம்பில் கவ்வவைத்து, அதன்மேல் குறுக்குக் கம்பி போட வேண்டும். 1942இல் ஸ்வீடனில் தொடங்கிய தூலே போன்ற நிறுவனங்களின் முழு செட்டின் விலையைக் கேட்டுவிட்டு, பாதிப் பேர் சைக்கிளே வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடும். கூரை எவ்வளவு தாங்கும் என்று காரின் கையேட்டில் போட்டிருக்கும், அந்தக் கணக்கில் ரேக்கின் எடையும் சேரும். ஒன்றரை மீட்டர் உயரக் காரின்மேல் சைக்கிளை நிமிர்த்தி வைத்தால் இரண்டரை மீட்டருக்கு வந்துவிடும். அதை மறந்து பேரங்காடியின் கீழ்த்தளத்துக்குள் நுழைந்தால், நுழைவாயிலில் தொங்கும் உயரக் கம்பி நினைவூட்டும். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்குவது யார் என்பதையும் யோசியுங்கள். என் மனைவியால் முடியாது. எனக்கும் காலையில் முடிகிறது, கடலில் குளித்துவிட்டு வந்த பிறகு முடிவதில்லை.

இழுவைக் கொக்கியில் மாட்டும் ரேக்தான் எல்லாவற்றிலும் உறுதியானது. ஆனால் மைவி, ஆக்சியா, சாகா போன்ற நம் கார்களில் அந்தக் கொக்கி வருவதில்லை. புதிதாகப் பொருத்த நினைப்பவர் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்றால், ரேக்கே போடுவதில்லை. என் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, பின் இருக்கையின் ஒரு பக்கத்தை மடித்து, பழைய கம்பளி விரித்து உள்ளே படுக்க வைக்கிறேன். மகள் மற்றப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். மனைவியின் சைக்கிளும் மகளின் சைக்கிளும் என் மைத்துனரின் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியில் போகின்றன. உள்ளே வைக்கும்போது பெடல் இருக்கைத் துணியைக் கிழிக்காமல் இருக்க அதையும் கழற்றிவிடுங்கள். 15 மில்லிமீட்டர் ஸ்பானர் போதும். இடது பெடலின் மரை தலைகீழ், வலது கைப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுக்க அதனோடு மல்லுக்கட்டி, அதை இன்னும் இறுக்கித்தான் விட்டேன்.

நம் குழுவிலேயே தோட்டக் குத்தகை எடுக்கும் அண்ணன்மார் மூன்று பேரிடம் ஹைலக்ஸ் இருக்கிறது. பின்தொட்டியில் பழைய மெத்தையை விரித்து, பிள்ளைகள் சைக்கிளை எல்லாம் நிற்கவைத்துக் கயிறு போட்டால் ஒரு வண்டிக்கு ஏழெட்டு போகும். அல்சாவும் எக்சோராவும் வைத்திருப்பவர்கள் மூன்றாம் வரிசையை மடித்தால் 16 அங்குல சைக்கிள் உள்ளேயே அடங்கும். அதன் பிறகும் ரேக் தேவைப்படும் குடும்பம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தோ ஆறோ வரும். அவர்கள் தங்கள் காருக்கும் தங்கள் சைக்கிளுக்கும் எது ஏற்றதோ அதை வாங்கிக்கொள்ளட்டும்.

தலைவர் அண்ணன், ஒரு சனிக்கிழமை மாலை பள்ளித் திடலில் கார்களையும் சைக்கிள்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன்னால் மாட்டிப் பார்ப்போம். என் ரேக்கைத் துடைத்துக் கொண்டுவருகிறேன். ஒரு கொக்கியின் ரப்பர் உறை தொலைந்துவிட்டது, அந்த இடத்தில் பழைய துணி சுற்றியிருப்பேன், யாரும் சிரிக்கக் கூடாது. ஸ்பானரும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் கொண்டு வர வேண்டியது, காரோடு வந்த கையேடு. எங்கே வைத்தோம் என்று இப்போதே தேட ஆரம்பித்தால் சனிக்கிழமைக்குள் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அப்பா,
பந்திங்