சுப்பையா இனி என் பெயரில்

அன்புள்ள அக்காவுக்கு,

நம் ஆமை சுப்பையாவின் வயிற்று ஓடு பத்து சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. போன வாரம் பின்னங்காலில் அடையாள எண் உள்ள மைக்ரோசிப் போட்டாயிற்று. அரிசி மணி அளவுதான். ஊசி இறங்கியபோது தலையை உள்ளே இழுத்துக்கொண்டவன், கொஞ்ச நேரத்தில் மேசையின் ஓரம் வரை நடந்து டாக்டரின் பேனாவைக் கடிக்கப் போனான். பதிவுப் படிவத்தில் வளர்ப்பவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் பெயரை எழுதினேன்.

இதை வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே கூப்பிடுவீர்கள். கூப்பிட்டால் நான் "சரிக்கா" என்று சொல்லிவிடுவேன். உங்களிடம் வேறு எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நம் ஆஸ்பத்திரி வார்டு ஆட்கள் சிலர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். நீங்கள் ஏன் ஊருக்குப் போனீர்கள், எந்த நிலைமையில் போனீர்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் அன்றும் இன்றும் ஒன்றுதான்: குடும்ப விஷயம்.

வருகிற ஆடியோடு இரண்டு வருஷம். கிளம்பும்போது என்னிடம் விட்டுப்போனது ஒரு கண்ணாடித் தொட்டி, ஒரு விளக்கு, தக்காளியும் வெள்ளரிக்காயும் போட்டால் போதும் என்ற ஒரு வரி. "ஆறு மாசம்தான், வந்துருவேன்" என்பது இன்னொரு வரி.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வெறும் சூட்டு விளக்கு அக்கா. ஆமைக்குச் சூடு மட்டும் போதாது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர், அதிலும் யூவிபி, உடம்பில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். அது இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் உடம்பில் ஏறாது. ஓடு மெத்தென்று ஆகிவிடும், எலும்பு வளையும். குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வருவதுபோலத்தான் என்று நமக்கு விளக்கத் தேவையில்லை. நாம் இருவரும் நர்ஸ் பரீட்சை எழுதி வந்தவர்கள். கடைக்காரர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. யூவிபி குழாய் விளக்கு வாங்கி மாட்டினேன். வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தாலும் ஒரு வருஷத்துக்குள் அதில் கதிர் குறைந்துவிடும், மாற்ற வேண்டும். கண்ணாடித் தொட்டியைக் கொடுத்துவிட்டு, மூடி இல்லாத அகலமான மரப்பெட்டி செய்யச் சொன்னேன். ஒரு மூலையில் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று டிகிரி, மறு மூலையில் இருபது. எங்கே இருப்பது என்பது அவன் இஷ்டம்.

தக்காளியையும் நிறுத்தினேன். மத்தியதரைக் கடல் ஓரத்து ஹெர்மன் ஆமைக்குப் பழமெல்லாம் ஒத்துக்கொள்ளாது. நார்ச்சத்தும் கால்சியமும் உள்ள களைச்செடிதான் சாப்பாடு: டேன்டிலையன் இலை, குளோவர், சோ திசில். நைட் டியூட்டி முடிந்து கென்னட் ஆற்றோரம் நடந்து, மருந்து அடிக்காத, நாய் போகாத இடமாகப் பார்த்துப் பறித்து வருவேன். யூனிஃபார்மோடு குனிந்து புல் பிடுங்கும் நர்ஸை இங்கிலாந்தின் இந்த ரெடிங் ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. உங்கள் கோட்டைத்தான் போட்டிருப்பேன். நான் இந்த நாட்டில் இறங்கிய அன்று ஏர்போர்ட்டில் கழற்றிக் கொடுத்தீர்களே, அதே கோட். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கடிதம் எப்போதோ எழுதப்பட்டிருக்கும், இதைவிடச் சின்னதாக.

போன வருஷம் பொங்கலன்று வீடியோ காலில் வந்தீர்கள். இங்கே காலை ஆறரை, வெளியே கும்மிருட்டு. அங்கே மதியம். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. பின்னால் உங்கள் மாமியார் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "சுப்பையாவக் காட்டு" என்றீர்கள். அப்போதுதான் ஃபிரிட்ஜைத் திறந்து அவனை எடுத்துத் தராசில் வைத்திருந்தேன்.

ஆமாம் அக்கா, ஃபிரிட்ஜில்.

குளிர்காலத்தில் தூங்குவது இந்த இனத்தின் இயல்பு. நீங்கள் பயந்துபோய் எல்லாக் குளிர்காலத்திலும் விளக்கைப் போட்டு விழிக்கவைத்தீர்கள். பக்கத்து வீட்டுக் கிழவர், அவர் சின்ன வயதில் வைக்கோல் பெட்டியில் போட்டுக் கொட்டகையில் வைப்பார்களாம், சிலது எழுந்திருக்காதாம் என்றார். அது வேண்டாம் என்று முடிவுசெய்தேன். அக்டோபரில் டாக்டரிடம் காட்டி, நல்ல ஆரோக்கியம் என்று உறுதிசெய்த பிறகுதான் ஆரம்பித்தேன். மூன்று வாரம் சாப்பாடு கிடையாது, வயிற்றில் எதுவும் மிஞ்சினால் உள்ளேயே அழுகிவிடும். ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல் உண்டு, அதில்தான் நிறையக் குடித்துக்கொள்வான். பழைய சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, சூடு ஏறி இறங்காமலிருக்கத் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, ஐந்து டிகிரியில் நிற்கிறதா என்று முதலில் வெறும் பெட்டியை வைத்துப் பார்த்தேன். பத்தைத் தாண்டினால் பாதி விழித்துக்கொண்டு, உடம்பில் இருப்பதையெல்லாம் செலவழித்துவிடும். உறைநிலைக்குப் போனால் கண் போய்விடும். தினமும் கதவைத் திறந்து காற்று மாற்ற வேண்டும், வாரம் ஒருமுறை எடை. பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அன்றே எழுப்பிவிட வேண்டும். நம் வார்டு சார்ட் மாதிரி ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன்: தேதி, டிகிரி, கிராம், சிறுநீர் உண்டா இல்லையா.

தூங்கப் போகும்போது 231 கிராம். பொங்கலன்று 224. ஃபோனைச் சுவரில் சாய்த்து, கேமராவை மேலே திருப்பிவிட்டேன். "தூங்குறான்க்கா" என்றேன். பொய் இல்லையே. உங்களுடன் பேசிக்கொண்டே அவன் பின்னங்காலை விரல் நுனியால் தொட்டேன். முதலில் ஒன்றுமில்லை. என் வாய் உங்களிடம் பொங்கலுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கிறது, கை மறுபடி தொடுகிறது. ரொம்ப மெதுவாக, தயங்கித் தயங்கி, கால் உள்ளே போனது.

அப்போதுதான் உங்கள் மாமியார் கேட்டார், "என்னது, ஆமையா? ஆம புகுந்த வீடு வெளங்குமா?" நீங்கள் சிரித்துக்கொண்டே திரும்பிச் சொன்னீர்கள்: "நம்ம வீட்ல இல்ல அத்தை. அங்க ஒரு பொண்ணு வச்சிருக்கா."

ஒரு பொண்ணு.

அந்த வீட்டில் அந்த நேரத்தில் உங்களால் வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று எனக்கே நான் பலமுறை சொல்லிக்கொண்டேன். உங்கள் நிலைமை எனக்குத் தெரியாததா. ஃபிரிட்ஜ் விஷயத்தை உங்களிடம் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் இந்தப் பத்தியை ஆரம்பித்தேன். கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சொல்லியிருந்தால் தடுத்திருப்பீர்கள். தடுத்துவிட்டு ஃபோனை வைத்திருப்பீர்கள், அப்புறம் ராத்திரி எழுந்து விளக்கைப் பார்க்கப்போவது யார்? பிப்ரவரியில் அவனை எழுப்பி வெந்நீரில் விட்டபோது, தலையை முக்கி அவ்வளவு நேரம் குடித்தான். உங்களுக்கு வீடியோ எடுத்தேன். அனுப்பவில்லை. அதற்கு மட்டும் என்னிடம் காரணம் இல்லை.

நடுவில் ஒருமுறை அவனை ஊருக்கு எப்படியாவது அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டீர்கள். எப்படியாவது என்றால் எப்படி என்று இங்கே எழுத மாட்டேன். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் நட்சத்திர ஆமைகள் பிடிபட்ட செய்தி நம் ஊரில் புதிதல்ல. எல்லா நில ஆமைகளும் சைட்டிஸ் பட்டியலில், அதாவது காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் பட்டியலில், இருக்கின்றன. நீங்கள் விளையாட்டுக்குக் கேட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன், மற்றவர்களும் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும்.

இப்போது மான்செஸ்டரில் வேலை கிடைத்திருக்கிறது, செப்டம்பரில் வருகிறேன், அவனை ரெடி பண்ணி வை என்கிறீர்கள். வாருங்கள். ரொம்ப சந்தோஷம், நிஜமாகவே. ஆனால் அவன் வர மாட்டான்.

இங்கே ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்று ஒரு கிராமம். கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் அங்கே இருந்தார். அவருடைய அத்தை வளர்த்த ஆமை, அத்தை இறந்த பிறகு 1780-ல் அவரிடம் வந்தது. மார்ச் மாதம் மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்ததைத் தோண்டி எடுத்து, பெட்டியில் வைத்து எண்பது மைல் குதிரை வண்டியில் கொண்டுபோனார். குலுக்கிய குலுக்கலில் அது விழித்துக்கொண்டது. அவர் 1793-ல் இறந்தார், ஆமை அடுத்த வருஷம்வரை இருந்தது. ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு டிமத்தி என்று ஆண் பெயர் வைத்திருந்தார்கள். செத்த பிறகுதான் பெண் என்று தெரிந்ததாம். நம் சுப்பையாவின் வாலும் குட்டையாகத்தான் இருக்கிறது, டாக்டர் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. பெண்ணாக இருந்தாலும் பெயரை மாற்றப்போவதில்லை. அந்தப் பெயர் நீங்கள் வைத்தது, அதில் நான் கை வைக்க மாட்டேன்.

ஐம்பது வருஷத்துக்கு மேலும் இருக்கக்கூடிய உயிர். ஒவ்வொரு வேலைக்கும், ஒவ்வொரு குடும்ப விஷயத்துக்கும் அதைத் தூக்கிக் கை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. நீங்கள் வாங்கிய விலையைக் கணக்குப் பார்த்து அனுப்பலாம் என்றும் யோசித்தேன். காசு கைமாறினால் அது விற்பனை, விற்பனைக்குச் சிப் எண்ணோடு புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆகவே காசு தரப்போவதில்லை. நீங்கள் விட்டுப்போனீர்கள், நான் வைத்துக்கொண்டேன்.

வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வாருங்கள். தக்காளி மட்டும் கொண்டுவர வேண்டாம். உங்கள் ரைஸ் குக்கரும் பெரிய குக்கரும் இன்னும் இங்கேதான் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். கோட்டையும் கேட்டால் கொடுத்துவிடுகிறேன், ஆனால் கையில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது.