மூன்றாம் நம்பர் ஒயர்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான். பாப்பா பள்ளிக்கூடம் போகிறாளா? போன ஞாயிறு நீ பேசியது இரண்டு நிமிஷம். மருமகள் குரலைச் சித்திரையில் கேட்டது. வேலை இருக்கும், சரி.

நம் அம்பாசிடர் ஒரு மாதமாகப் படுத்தி எடுத்துவிட்டது. வீட்டில் நன்றாகத்தான் கிளம்பும். உடுமலை ரோட்டில் அரை மணி ஓடிச் சூடேறியதும் மிஸ்ஸிங் அடித்து நின்றுவிடும். ஆறவிட்டால் திரும்பக் கிளம்பும். பட்டறையில் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள். காசுதான் போனது. நேற்று நின்ற இடத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு இன்ஜின் மேல் சாய்த்து வைத்து, அம்மாவைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பொறி மஞ்சளாக, நூல் மாதிரி வந்தது. நல்ல பொறி நீலமாகச் சடசடவென்று வரும். பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், கரன்ட்டை வெட்டி வெட்டி விடும் பாயின்ட் கருகிக் கிடக்கிறது. ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு. அப்படி இருந்தால் முதலில் பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரைத்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டையும் புதிதாகப் போட்டு, பாயின்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் வைத்தேன். இன்று பழனி போய் வந்தோம், ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

எது பழுது என்று பார்க்காமல் எதையும் கழற்றிப் போடாதே தம்பி. சூட்டில் நின்றுபோனால் கொஞ்சம் ஆறவிடு. உன் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள் என்று அம்மா கோயிலில் எல்லோரிடமும் சொல்கிறாள். நானும்தான் சொல்கிறேன். நாற்பது பேரிடம் பேசுகிறவனுக்கு எங்களிடம் பேச ஒன்றும் இல்லையா? கோபப்படாதே. பார்க்காமல் எதையும் கழற்றிவிடாதே, அவ்வளவுதான்.

மூடியில் ஒயர்களைத் திரும்ப மாட்டும்போது கை நின்றுவிட்டது. பிளக்குகளுக்குப் பொறி போகும் வரிசை 1, 3, 4, 2. உனக்கு ஆறு வயதிலேயே அது மனப்பாடம். சின்ன அத்தை கல்யாணத்துக்குக் கிளம்பின காலையில் வண்டி பட்டுப் பட்டென்று வெடித்ததே தவிர கிளம்பவில்லை. நீதான் ஒயரைப் பிடுங்கி விளையாடினாய் என்று மாமா, சித்தி எல்லோர் முன்னாலும் அறைந்தேன். "நான் இல்லப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய்.

முந்தின இரவு பிளக் மாற்றியது நான். மூன்றையும் நான்கையும் இடம் மாற்றி மாட்டியதும் நான்தான். அன்று மூடியைப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. சரியாக மாட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். உன்னிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் இன்றுவரை சொல்லவில்லை. அதற்கப்புறம் நீ எனக்கு டார்ச் பிடிக்க வந்ததே இல்லை. கூப்பிட்டால் படிக்கிறேன் என்பாய். எது நடந்தாலும் வாயைத் திறக்காமல் இருக்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாயோ என்று நேற்று இரவெல்லாம் தூக்கம் இல்லை.

தப்பு என்னுடையது தம்பி.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனை மருமகளிடம் கொடு. கொடுக்க முடியாவிட்டால் நீயாவது கொஞ்ச நேரம் இரு. நான் எதுவும் கேட்க மாட்டேன்.

அப்பா