இடது இருக்கையைத் தேடி வருபவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரத்துக்குப் பயணிகள் விமானம் வருமா என்று உங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். நிலம், ஓடுதளம், பயணிகள் வரத்து என்று எல்லாவற்றையும் பொறுமையாக எழுதியிருந்தார்கள். ஆனால் சிறிய விமான நிறுவனங்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில், பெரிய நிறுவனங்களில் இடம் கிடைக்காத விமானிகள்தான் அங்கே போகிறார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வரி தவறு. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

நான் உச்சிப்புளியில் இருக்கிறேன். கணித ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் தம்பி விமானி. இங்கே ஏ.டி.ஆர். என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் கேப்டனாக இருந்தவன், வளைகுடா நிறுவனம் ஒன்றில் முன்னூறு பேர் ஏறும் பெரிய ஜெட் விமானத்துக்குத் துணை விமானியாகப் போனான். பல வருடம் அங்கே பறந்துவிட்டு, இப்போது மறுபடியும் ஏ.டி.ஆர். விமானத்துக்கே கேப்டனாக வந்துவிட்டான். திரும்பி வந்தபோது ஊரில் கேட்காத ஆள் இல்லை. "பெரிய பிளேனை விட்டுட்டு ஃபேன் வச்ச பிளேனுக்கா வந்தான்? அங்க ஏதும் பிரச்சினையா?" என்று என்னிடமே கேட்டார்கள். பிரச்சினை எதுவும் இல்லை. அவனாக விரும்பித்தான் வந்தான். அவனிடமும் அவனோடு பறக்கிறவர்களிடமும் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சீனியாரிட்டி. பல பெரிய நிறுவனங்களில், சேர்ந்த தேதியை வைத்துத்தான் விமானிகளின் வரிசை. கேப்டன் ஆவது, எந்த விமானம் ஓட்டுவது, எந்த ஊரில் பணி, பண்டிகைக்கு லீவு எல்லாம் அந்த வரிசையைப் பார்த்துத்தான். ஒருவர் நிறுவனம் மாறினால், பத்தாயிரம் மணி நேரம் பறந்தவராக இருந்தாலும் புது வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். வேறு ஒன்றியத்துக்கு மாறுதல் வாங்கிய தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பணிமூப்பை இழந்து, தங்களைவிட இளையவர்களுக்குக் கீழே நின்ற காலம் எங்களுக்கெல்லாம் நினைவிருக்கிறது. அதே வலிதான் இதுவும். 2012இல் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. தோளில் நாலு பட்டை போட்டிருந்த கேப்டன்கள் சிலர் மூன்று பட்டையோடு, துணை விமானிக்குரிய வலது இருக்கையில் உட்கார்ந்து மறுபடி தொடங்கினார்கள். நிறுவனம் மூடியதற்கு அவர்களா பொறுப்பு? இப்படிப்பட்ட ஒருவரை, "உங்கள் அனுபவம் எங்களுக்கு வேண்டும், கேப்டனாகவே வாருங்கள்" என்று ஒரு சிறிய நிறுவனம் அழைத்தால் அவர் ஏன் போகக் கூடாது?

என் தம்பிக்கும் அந்த வரிசைதான் தடையானது. கேப்டன் வாய்ப்பு நெருங்கிய நேரத்தில் 2020இல் கொரோனா வந்தது. உலகம் முழுக்க விமானங்கள் தரையில் நின்றன. அவனுடைய வரிசை நகரவே இல்லை.

சிறிய நிறுவனங்களே கேப்டன்களைத் தேடிப் போவது அமெரிக்காவில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே சிறிய விமானம் ஒன்று விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே சட்டத்தை மாற்றினார்கள். 2013 முதல் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கேப்டன் ஆக வேண்டுமானால் விமான நிறுவனப் பணியில் இன்னும் 1,000 மணி நேரம் வேண்டும். கொரோனா முடிந்ததும் பெரிய நிறுவனங்கள் சிறிய நிறுவனங்களின் கேப்டன்களை மொத்தமாக இழுத்துக்கொண்டன. வலது இருக்கைக்கு ஆள் கிடைத்தாலும் கேப்டனுக்குரிய இடது இருக்கைக்கு ஆள் இல்லாமல் போனது. இரண்டு பேரும் இருந்தால்தானே விமானம் கிளம்பும்? 2022இல் அங்குள்ள பிராந்திய நிறுவனங்கள் சில சம்பளத்தைப் பெரிய அளவில் உயர்த்தி, அனுபவசாலிகளை நேரடியாகக் கேப்டன்களாக எடுத்தன. ஆக, அந்த நிறுவனங்கள் இவர்களைத் தேடிப் போயிருக்கின்றன.

இனி பறப்பதைப் பற்றி. என் தம்பி உற்சாகமாகப் பேசுவது இதைப் பற்றித்தான். நீண்ட தூர விமானத்தில் மூன்று, நான்கு விமானிகள் இருப்பார்கள். இரவெல்லாம் பறந்து போய்ச் சேர்ந்தாலும் தரையிறக்குவது ஒருவர்தான். விமானி தகுதியைத் தக்கவைக்க 90 நாளில் குறைந்தது மூன்று முறை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்பது விதி. நீண்ட தூரம் பறப்பவர்களில் சிலர் அந்தக் கணக்கை முடிக்க சிமுலேட்டர் என்ற பயிற்சி இயந்திரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏ.டி.ஆர். கேப்டனுக்கும் அவரது துணை விமானிக்கும் ஒரே நாளில் நாலைந்து தரையிறக்கம் இருக்கும். அதுவும் ஜெட் விமானம்போல 35,000 அடிக்கு மேலே போய் மேகத்தைத் தாண்டிவிட முடியாது. ஏ.டி.ஆர். விமானத்தின் உச்ச உயரமே 25,000 அடி. ஐப்பசி, கார்த்திகை மழை மேகங்களுக்கு நடுவில் வழி கண்டுபிடித்துத்தான் போக வேண்டும்.

இறங்கும் இடங்களும் அப்படித்தான். நம் பக்கத்துத் தூத்துக்குடியையே பாருங்கள். ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டும்வரை அங்கே இருந்தது சுமார் 1,350 மீட்டர்தான். அத்தனை வருடமும் தூத்துக்குடிக்காரர்கள் சென்னைக்கு விமானம் ஏறியது ஏ.டி.ஆர்., கியூ-400 போன்ற புரொப்பெல்லர் விமானங்களில்தான். லட்சத்தீவின் அகத்தியில் ஓடுதளம் இன்னும் குட்டை, சுமார் 1,200 மீட்டர், இரண்டு முனையிலும் கடல். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2019இல் பறக்கத் தொடங்கியதும் ஏ.டி.ஆர்.தான். இங்கெல்லாம் இறங்குவதா, சுற்றிக் காத்திருப்பதா, வேறு ஊருக்குத் திருப்புவதா என்று சில நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டியவர் கேப்டன். இப்படி முடிவெடுக்கத் தெரிந்தவரை இடம் கிடைக்காதவர் என்று எழுதலாமா?

எங்கள் உச்சிப்புளிக்கு விமானச் சத்தம் புதிதல்ல. 2009 முதல் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இங்கே இருக்கிறது. டோர்னியர் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் தலைக்கு மேலேயே போகும். ஆடி மாதம் கச்சான் காற்று புழுதியை வாரி அடிப்பதும், தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்குவதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். பக்கவாட்டுக் காற்றும் பறவையும் விமானிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தம்பி சொன்ன பிறகுதான், இந்தக் கடற்கரைக்குப் பயணிகள் விமானம் வந்தால் அனுபவமுள்ள கேப்டன் எவ்வளவு முக்கியம் என்று எனக்கு உறைத்தது.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அம்மாவுக்கு வயதாகிவிட்டது. வளைகுடாவில் இருந்தபோது தம்பி வந்து போவதே அபூர்வம். இப்போது பெரும்பாலான நாள் இரவில் தன் வீட்டில்தான் தூங்குகிறான். பிள்ளைகளின் பரீட்சை நேரத்தில் கூட இருக்கிறான். இரண்டு நாள் ஓய்வு சேர்ந்தால் சேது எக்ஸ்பிரஸ் பிடித்து வந்துவிடுகிறான். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக உயர்த்திய 2025ஆம் ஆண்டு விதியால், வந்தால் அம்மாவோடு ஒரு முழு நாள் இருக்க முடிகிறது. சம்பளம் அங்கே வாங்கியதைவிடக் குறைவுதான். ஆனால் ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர் 65 வயது ஓய்வை மனதில் வைத்துக் கணக்குப் போடும்போது, பணம் மட்டும்தான் கணக்கா?

இதில் ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. சென்னையை மையமாக வைத்துப் பறந்த பாரமவுண்ட் நிறுவனம் 2005இல் தொடங்கி 2010இலேயே நின்றுபோனது. சிறிய ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தில் ஒரு வழித்தடத்துக்கு அரசு தரும் நிதி மூன்று ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகு என்ன ஆகுமோ என்ற கவலை சிறிய நிறுவனத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் உண்டு. கேப்டன் வேலையை விட வேண்டுமென்றால் ஓராண்டுக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் வருகிறார்கள்.

அதனால் ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். ராமநாதபுரம் விமானப் போக்குவரத்து பற்றி அடுத்து எழுதும்போது, எத்தனை கேப்டன்கள் வேண்டும், விமானம் இரவில் எந்த ஊரில் நிற்கும், அவர்கள் குடும்பம் எங்கே இருக்கும், மழைக்காலத்தில் இறங்க என்ன கருவி வசதி இருக்கும் என்பதையும் அதிகாரிகளிடம் கேட்டு எழுதுங்கள். அப்புறம் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் மகள் விமானி ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். கட்டுரையைப் படித்துவிட்டு, "சின்ன கம்பெனியில சேர்ந்தா மதிப்பில்லையா டீச்சர்?" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டாள். உங்கள் நிருபர் விரும்பினால், நிறுவனத்தின் அனுமதி வாங்கிக்கொண்டு நேரில் பேச என் தம்பி தயாராக இருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.